ஓட்டைக்கும் சேர்த்து விலை

மொன்றியலில் நாங்கள் ஏழெட்டுப் பெடியன்கள் ஒரே அப்பார்ட்மெண்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த காலத்தில், மாத வாடகையில் என் பங்கு என்று எண்ணிக் கொடுத்த காசை இன்றைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கொண்டுபோய் நீட்டினால், ஹொக்கி மட்டையில் கால்வாசியை அறுத்துத் தருவார்களோ என்னவோ. நல்ல மட்டை என்றால் 400 டொலருக்கு மேல்; வரி வேறு. ஒரு மரக்கட்டைக்கா இவ்வளவு விலை என்று கேட்டீர்களானால் கடையில் நிற்கும் பெடியன் உங்களை இரக்கத்தோடு பார்ப்பான், ஏனென்றால் அதில் மருந்துக்குக்கூட மரம் கிடையாது.

கார்பன் நாரைப் பசையில் ஊறவைத்து, படை படையாக அடுக்கி, அச்சுக்குள் வைத்துச் சூடேற்றி இறுக்கி எடுக்கிறார்கள். பிளேட்டின் வயிற்றுக்குள் மட்டும் நுரைப்பொருள். மொத்த எடை 400 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு றாத்தல் பாணைவிட இலேசு. கையில் வாங்கியதும், மட்டையை உள்ளே வைத்துக்கொண்டு வெறும் உறையை மட்டும் தந்துவிட்டார்களோ என்று ஒரு சந்தேகம் வரும்.

புல் மைதானத்து ஹொக்கியை நினைத்துக்கொண்டு படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இது பனிக்கட்டியின் மேல், காலில் சறுக்குச் சப்பாத்து போட்டுக்கொண்டு, பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைத் துரத்துகிற ஆட்டம். மட்டையில் இரண்டு பகுதி: கையில் பிடிப்பது தண்டு, பனியில் உரசுவது பிளேட். விதிப்படி பிளேட் 12½ அங்குலத்துக்கு மேல் நீளவோ 3 அங்குலத்துக்கு மேல் உயரவோ கூடாது. இந்த விளையாட்டில் நூறு வருடமாக நடந்த புத்திசாலித்தனம், களவு, வியாபாரம், வீம்பு எல்லாவற்றுக்கும் அந்தச் சின்னப் பலகைதான் களம்.

அந்தப் பலகையை எனக்கு அறிமுகப்படுத்தியவர், நான் பாத்திரம் கழுவிய உணவகத்தின் சமையற்காரர், ஒரு கியூபெக் கிழவர். கிழவர் என்கிறேனே தவிர, அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகியிராது. இருபதுகளின் தொடக்கத்தில் நின்ற எனக்கு அவர் கிழவராகத் தெரிந்தார், அவ்வளவுதான். இன்றைய என் வயதைக் கேட்டால் அவர் என்ன சொல்லுவார் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. கடை பூட்டிய பிறகு, மற்ற அணிகளெல்லாம் ஆடி முடித்து மைதானம் மலிவாகக் கிடைக்கும் நடுச்சாமத்தில், தொந்தி வைத்த நண்பர்களோடு ஹொக்கி ஆடப் போவார். புது மட்டை வாங்கினால் அதை முதலில் சமையலறைக்குத்தான் கொண்டுவருவார்.

கடைசி மேசையும் எழும்பிப் போன பிறகு, எலும்பு சூப்புக்காக வைத்த பெரிய குண்டான் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். மூடியைப் பாதி தள்ளிவிட்டு, புது மட்டையின் பிளேட்டை அந்த ஆவிக்குள் பிடிப்பார். முழங்கை வரைக்கும் சிவந்து போகும். கையை எடுக்க மாட்டார். மரத்தின் மேல் ஒட்டியிருந்த ஃபைபர்கிளாஸ் பிசின் சூடாகி ஒரு நெடி கிளம்பும், அந்த நெடி அடுத்த நாள் சூப்பிலும் இருந்ததா என்று யாரும் விசாரித்ததாக நினைவில்லை. பிறகு பிளேட்டின் மூக்கைக் குளிர் அறைக் கதவின் அடி இடுக்கில் செருகி, தண்டைத் தன் பக்கம் மெல்ல இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவரிடம் பேசக் கூடாது. பேசினால் எனக்கு விளங்காத பிரெஞ்சுச் சொற்கள் வந்து விழும், விளங்காவிட்டாலும் அவை எந்த வகைச் சொற்கள் என்பது விளங்கும். பிறகு பின்கதவைத் திறந்து ஓடிப்போய் மட்டையை ஸ்நோக் குவியலுக்குள் குத்தி நிறுத்துவார். சுர்ரென்று ஒரு சத்தம். வளைவு நின்றுவிட்டது.

அதோடு முடியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிளேட்டின் விளிம்பைத் துவக்குக் குறி பார்ப்பதுபோலப் பார்ப்பார். திருப்தி வராவிட்டால் மறுபடியும் குண்டான். அரத்தால் மூக்கைத் தேய்த்து உருட்டுவார். கறுப்புத் துணி டேப்பைக் குதியில் தொடங்கி மூக்கு வரைக்கும், ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறுகிற மாதிரி சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, ஸ்நோ ஒட்டாமல் இருக்க மெழுகுதிரியைத் தேய்ப்பார். கடையில் வாங்கியது அரைமட்டைதான், மீதி அரைமட்டையை ஆள்தான் செய்யவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையில் வளர்ந்த எனக்கு, இன்றைக்கு எல்லாம் முடித்து, டேப்கூடத் தேவையில்லாத சொரசொரப்புப் பூசி, பிளாஸ்டிக் உறைக்குள் வருகிற மட்டையைப் பார்த்தால், நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது.

அவர் கழித்துவிட்ட பழைய மட்டை ஒன்று எனக்குக் கிடைத்தது. ஷேர்வுட் கம்பெனியின் பி.எம்.பி. 5030. கியூபெக்கின் ஷேர்புறூக் நகரத்திலேயே செய்தது, அந்தக் காலத்தில் அதைப் பிடிக்காத கை கியூபெக்கில் குறைவு. தண்டில் எழுத்துகள் தேய்ந்து, பிளேட்டின் அடி விளிம்பு நார் நாராகப் பிரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சறுக்கத் தெரியாது. பனிக்கட்டியில் நிற்கவே தெரியாது. ஆனால் அந்த மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஏதோ முக்கியமான ஆட்டத்துக்குப் போகிறவன்போல, மாலை நேரத்து மெட்ரோ ரயிலில் கதவுக்கருகே நின்றபடி போவேன், இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன், ஏனென்றால் உட்கார்ந்தால் மட்டை மற்றவர்களுக்குத் தெரியாது. மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில், கம்பளிச் சப்பாத்தோடு, டென்னிஸ் பந்தை அடித்து விளையாடுவோம். கார் வந்தால் கோல் வலையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள், கார் போனதும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தார் ரோட்டில் உரசி உரசிப் பிளேட் நாளுக்கு நாள் மெலிந்தது.

மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் சிவப்புச் சட்டையைக் குளிர்கோட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டு, பூங்காவில் உறையவைத்த மைதானத்தின் நடுவே வீராதிவீரனாக நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். படத்தின் சட்டகத்துக்கு வெளியே இரண்டு நண்பர்கள் என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் போரால் பாதை எல்லாம் அடைபட்டிருந்த காலம், மாதக்கணக்கில் அலைந்து வந்த பதிலில் அம்மா எழுதியிருந்தார்: “தம்பி, கையில என்னடா பொல்லு? உன்னை வாச்சர் வேலைக்கு எடுத்திருக்கினமோ? இரவிலயோ வேலை? தலைக்குத் துணி கட்டு.”

வளைவு என்பது பிறவியிலேயே வந்ததல்ல என்று எனக்குச் சொன்னதும் அந்தச் சமையற்காரர்தான். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிளேட்டுகள் எல்லாம் ஏறக்குறைய நேரானவை. 1960களின் தொடக்கத்தில் சிக்காகோ பிளாக் ஹோக்ஸ் அணியின் ஸ்டான் மிக்கிட்டா ஒரு பயிற்சியின்போது மட்டையைச் சிக்கவைத்துப் பிளேட்டை வளைத்துவிட்டார். மாற்று மட்டை எடுத்துவரச் சோம்பல், கோபம் வேறு; அந்த உடைந்த சாமானாலேயே வட்டை ஓங்கி அடித்தால், அது போன வேகமும் வேலிப் பலகையில் மோதிய சத்தமும் வேறு மாதிரி இருந்தன. இன்னொரு முறை அடித்தார். அப்புறம் அவரும் அவருடைய கூட்டாளி பொபி ஹல்லும் வெந்நீரும் கதவிடுக்குமாக இறங்கிவிட்டார்கள். இல்லை, அதற்கு முன்பே நான் வளைத்துவிட்டேன் என்று நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணியின் அண்டி பாத்கேட் சொல்லிக்கொண்டிருந்தார். அது தீராத வழக்கு. சமையற்காரர் பாத்கேட் கட்சி.

நான் மிக்கிட்டா கட்சி, அதற்குக் காரணம் விளையாட்டு அல்ல. மிக்கிட்டா ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். 1948-இல், 8 வயதில், பெற்றோரை விட்டுவிட்டு உறவினரோடு ஒன்ராறியோவின் சென் கத்தரீன்ஸ் ஊருக்கு அனுப்பப்பட்டவர். பாஷை தெரியாமல் தெருவில் பெடியன்கள் ஹொக்கி ஆடுவதைத் தள்ளி நின்று பார்த்து, பிறகு உள்ளே சேர்க்கப்பட்டவர். கனடாக்காரர்கள் தங்கள் இரத்தத்திலேயே ஓடுவதாகச் சொல்லிக்கொள்ளும் விளையாட்டின் வடிவத்தையே ஒரு அகதிப் பிள்ளை கோபத்தில் வளைத்துவிட்டுப் போன கதை, ஒழுங்கையில் கம்பளிச் சப்பாத்தோடு நின்ற எனக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று பாருங்கள். அதை நான் ஊர்க்காரன் ஒருவனின் சாதனைபோலப் பலரிடம் சொல்லித் திரிந்தேன்.

வளைந்த பிளேட்டிலிருந்து புறப்பட்ட வட்டு எங்கே போகும் என்பது அடித்தவருக்கே நிச்சயமில்லை. நடுவழியில் தாழும், ஆடும், திடீரென்று விலகும். கோல்காப்பாளர்களோ அந்தக் காலத்தில் வெறும் முகத்தோடு நின்றார்கள். 1959 நவம்பரில் பாத்கேட் அடித்த வட்டு முகத்தில் பட்டு, தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்த மொன்றியலின் ஜாக் பிளான்ட் முகமூடி அணிந்தபடிதான் ஆடுவேன் என்று பிடிவாதமாக நின்றார். அதையும் கோழைத்தனம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். வாழைப்பழ வளைவு வந்த பிறகு பேச்சு அடங்கியது. தொழில்முறை ஹொக்கியை நடத்தும் என்.எச்.எல். அமைப்பும் விழித்துக்கொண்டு, 1967 வாக்கில் வளைவு ஒன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றது, பிறகு ஒரு அங்குலம், 1970 வாக்கில் அரை அங்குலம் என்று இறுக்கிக்கொண்டே வந்தது. சட்டம் இறுக இறுகக் குண்டான்களும் கொதித்தன.

அந்த அரை அங்குலம் எங்கள் சமையலறைக்குள் வந்த இரவு 1993 ஜூன் 3. என்.எச்.எல். வெற்றியாளருக்குரிய ஸ்டான்லிக் கிண்ண இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம், மொன்றியல் ஃபோரத்தில். எதிரே வெய்ன் கிரெட்ஸ்கியின் லொஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ். முதல் ஆட்டத்தை அவர்கள் வென்றுவிட்டார்கள். இதிலும் 2க்கு 1 என்று முன்னால் நிற்கிறார்கள். ஆட்டம் முடிய 1 நிமிடம் 45 விநாடி. அலமாரி மேல் வைத்திருந்த சின்னத் தொலைக்காட்சிக்கு முன்னால் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நிற்கிறோம், குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மொன்றியல் பயிற்சியாளர் ஜாக் டெமேர்ஸ் நடுவரைக் கூப்பிட்டு, மார்ட்டி மக்சோர்லியின் மட்டையை அளந்து பார்க்கச் சொன்னார். வளைவு சரியாக இருந்துவிட்டால் தண்டனை கேட்டவருக்கே விழும். நடுவர் கெரி ஃபிரேசர் அளவுகோலை வைத்தார். மட்டை கூடுதலாக வளைந்திருந்தது. இரண்டு நிமிடத் தண்டனை. டெமேர்ஸ் தன் கோல்காப்பாளரையும் வெளியே இழுத்து ஆள் சேர்க்க, எரிக் டெஜார்தான் சமன் செய்தார். கூடுதல் நேரம் தொடங்கிய 51ஆவது விநாடியில் அதே டெஜார்தான் வெற்றிக் கோலையும் அடித்தார். பிறகு மொன்றியல் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை.

எனக்கு இன்றைக்கும் மறக்காதது கோல் அல்ல. அளவுகோல் மட்டையைத் தொட்ட கணத்தில் எங்கள் சமையற்காரர் கரண்டியை மேசையில் அடித்து, கள்ளன், கள்ளன் என்று தொண்டை கிழியக் கத்தினாரே, அதுதான். வாரம் தவறாமல் சூப்புக் குண்டானில் சட்டத்தை வேகவைத்தவர். கதவுக்குப் பின்னால் அவருடைய மட்டை சாய்ந்து நிற்கிறது, அதை மக்சோர்லி பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். நான் மட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் என் பார்வையைக் கண்டுகொண்டு, தான் என்.எச்.எல். ஆட்டக்காரன் இல்லை என்று மிகுந்த கௌரவத்தோடு சொன்னார். மொன்றியல்காரர்கள் கிங்ஸ் அணியின் மட்டைகளை முன்கூட்டியே இரகசியமாக அளந்துவிட்டார்கள் என்று பிற்பாடு ஒரு வதந்தி உலாவியது, டெமேர்ஸ் மறுத்தார். ஜூன் 9ஆம் தேதி கிண்ணம் வந்தது, சென் கத்தரீன் தெருவில் சந்தோஷம் தாங்காமல் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேலாக எந்தக் கனடிய அணிக்கும் அந்தக் கிண்ணம் வாய்க்கவில்லை. 2006-இல் அரை அங்குலத்தை முக்கால் அங்குலமாகத் தளர்த்தினார்கள். இப்போது அளவுகோலைக் கேட்கிற பயிற்சியாளரைக் காண்பதே அபூர்வம். ஒரு கிண்ணத்தின் திசையைத் திருப்பிய குற்றம் சத்தமில்லாமல் நாகரிகமாகிவிட்டது.

இதற்கிடையில் மரம் போகத் தொடங்கியிருந்தது. கிரெட்ஸ்கி 1990-இல் ஈஸ்டன் கம்பெனியின் வெள்ளி நிற அலுமினியத் தண்டைக் கையில் எடுத்ததும், கனடாவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே வேண்டும் என்றாகிவிட்டது. தண்டு அலுமினியம், பிளேட் மட்டும் மரம். பிளேட் முறிந்தால் தண்டின் வாயைச் சூடாக்கி, பசை இளகியதும் பழையதை உருவிப் புதியதைச் செருகவேண்டும். ஆன்மா அழியாது, உடல்தான் மாறும் என்று ஊர்க் கோயிலில் கேட்ட பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. 2000-த்தைத் தாண்டியதும் அதே கம்பெனி சினர்ஜி என்ற மட்டையைக் கொண்டுவந்தது: தண்டும் பிளேட்டும் ஒட்டில்லாமல் ஒன்றாக, முழுக்கச் செயற்கை நாரில். ஒரே துண்டு என்பதுதான் புதுமை என்று விளம்பரம் செய்தார்கள்.

அந்தப் புதுமைக்கு ஒரு நூறு வயது இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். நோவா ஸ்கோஷியாவின் மிக்மாக் மக்கள் 19ஆம் நூற்றாண்டில் ஒரே மரத்துண்டில்தான் மட்டை செதுக்கினார்கள். தண்டும் வேரும் சேருமிடத்தில் மரம் தானாகவே வளைந்திருக்கும் பகுதியாகப் பார்த்து வெட்டினால், மரத்தின் நார் வளைவோடு ஓடிப் பிளேட் எளிதில் முறியாது. அந்த மட்டைகள் மிக்மாக் என்ற பெயரிலேயே கனடா முழுக்க விற்பனையாயின. பொருத்தமான மரங்கள் அருகிப்போக, தண்டு வேறு பிளேட் வேறு என்று பிரித்து ஒட்டினார்கள், பிறகு மரத்தைத் தகடு தகடாக ஒட்டினார்கள், ஃபைபர்கிளாஸ் சுற்றினார்கள், அலுமினியம் செருகினார்கள், கடைசியில் கார்பனைச் சுட்டு மறுபடி ஒரே துண்டுக்கு வந்து சேர்ந்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

1830களில் கேப் பிரெட்டனில் செய்த ஒரு மட்டை நெடுங்காலம் ஒரு சலூன் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது கற்றினோவில் கனடிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 2015-இல் அதற்கு 3,00,000 டொலர் கொடுத்தார்கள். மேப்பிள் மரம், ஒரே துண்டு. அதன் பிளேட்டில் டபிள்யூ.எம். என்று இரண்டு எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது: வில்லியம் மொஃபட், அதை வைத்து ஆடியவனின் பெயர்.

என் பேரனின் மட்டையிலும் ஒரு பெயர் இருக்கிறது, அது அவனுடையதல்ல. இன்றைக்கு வளைவுகள் இலக்கத்தோடு வருகின்றன: பி92, பி28, பி88. வளைவு குதியில் தொடங்குகிறதா, நடுவிலா, மூக்கிலா, முகம் எவ்வளவு திறந்து வானம் பார்க்கிறது, தண்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே கோணம் என்ன, எல்லாம் அந்த இலக்கத்துக்குள் அடக்கம். பக்கத்தில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரரின் பெயர் போடுவார்கள். பாவர் கம்பெனியின் பி88 ஒரு காலத்தில் எரிக் லிண்ட்ரோஸ். அவர் ஓய்வு பெற்றதும் அதே வளைவு பற்ரிக் கேன் ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் சட்டை இலக்கம் 88 என்பதால் அச்சுக்கூலியாவது மிச்சம்.

இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தவன் பேரன்தான், ஸ்காபுறோவில் ஒரு கடையில் வைத்து. பதினொரு வயது. தன் எடையில் பாதி என்ன என்று கேட்டான், ஏனென்றால் தண்டின் ஃப்ளெக்ஸ் இலக்கம் உடல் எடையில் பாதியாக இருக்கவேண்டுமாம், அதாவது தண்டை ஒரு அங்குலம் வளைக்க எத்தனை இறாத்தல் விசை வேண்டும் என்ற கணக்கு. சமையற்காரர் இதே கணக்கை, மட்டையைத் தரையில் ஊன்றி மேலே தொந்தியைச் சாய்த்துப் பார்த்து முடிவு செய்வார். அப்போது கடைக்காரப் பெடியன் உள்ளே போய், விசேஷமான ஒன்றை எடுத்துவந்தான். பிளேட்டின் குதிக்கருகே, விரலை நுழைத்து மறுபக்கம் எடுக்கலாம், ஒரு நீள ஓட்டை.

“உடைஞ்சிருக்குதே?” என்றேன்.

“இல்ல அப்பப்பா, அதுதான் டிசைன்.”

2020-ஐ ஒட்டிப் பாவர் கம்பெனி ஏடிவி என்ற பெயரில் கொண்டுவந்த யோசனை அது. அடுத்து ஸ்லிங் என்று ஒன்று: தண்டின் அடிப்பகுதி இரண்டாகப் பிரிந்து, நடுவில் வெற்றிடம் விட்டு, மறுபடி பிளேட்டில் போய்ச் சேரும். விசையை அதிகம் தாங்காத இடத்தில் பொருளை எடுத்துவிட்டுத் தாங்குகிற இடத்துக்கு மாற்றினால் எடையும் குறையும், ஓங்கி அடிக்கும்போது பிளேட் முறுகவும் செய்யாதாம். கணக்குச் சரிதான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் பிளேட்டில் ஒரு கீறல் விழுந்தால்கூடப் பசை ஊற்றி, டேப் சுற்றி, விறைக்கிற குளிரில் காயவைத்து, அந்த ஓட்டையை மூடுவதற்கு நாங்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு நான் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டைக்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள்.

வளைவே இல்லாத மட்டை இருக்குமா என்று சும்மா விசாரித்தேன். ஸ்டொக்கில் இல்லை, சொல்லி எடுக்கவேண்டும் என்றான். எனக்குப் பிளேட்டின் பின்முகத்தால் அடிக்கிற அடி பிடிக்கும். இரண்டு முகமும் சமமாக இருந்த காலத்தில் அது ஆட்டத்தின் பாதி. எந்தப் பக்கம் திரும்புவான் என்று கோல்காப்பாளர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, திரும்பாமல் மணிக்கட்டைச் சுண்டி வட்டை மேல் மூலைக்கு ஏற்றிவிடலாம். பிளேட் உட்குழிந்தால் முன்முகத்துக்கு வரம், பின்முகத்தில் வட்டு நிற்காமல் வழுக்கிப் போகும். சிட்னி குரொஸ்பி மட்டும் ஏறக்குறைய நேரான பிளேட்டையே வைத்துக்கொண்டு, பின்முகத்தால் அடித்தே பலரை ஏமாற்றினார். அவருடைய மட்டையைப் பிள்ளைகள் வியப்பார்கள், வாங்க மாட்டார்கள்.

“பின்பக்கத்தால ஏன் அடிக்கவேணும்?” என்று பேரன் கேட்டான். “திரும்பி முன்பக்கத்தால அடிக்கலாமே.”

“நீ திரும்புறதுக்குள்ள அவன் வந்திடுவான்.”

“அதுக்குத்தானே எங்களுக்கு வேகமாத் திரும்பப் பழக்கினம்.”

உண்மையும் அதுதான். அவன் ஒற்றைக் காலில் சுழன்று, பிளேட்டின் மூக்கால் வட்டைத் தன் பக்கம் இழுத்து, கோல்காப்பாளரின் காதுக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் சொருகுவதைச் சனிக்கிழமை அதிகாலைகளில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பார்க்கிறேன். சமையற்காரர் தன் ஆயுளில் வைத்த வளைவுகள் அத்தனையையும் ஒன்றாக்கினாலும் அந்த அடி வந்திராது. மரமட்டை முறிவதற்கு முன் ஒரு முனகல் கேட்கும், பிடியில் ஒரு தளர்வு தெரியும், இன்னும் இரண்டு அடிதான் தாங்கும் என்று கை சொல்லிவிடும். கார்பன் அப்படியெல்லாம் சொல்லாது. மறைவாக எங்கோ ஒரு வெடிப்பு இருந்திருக்கும். முக்கியமான தருணத்தில், வட்டு காலடியில் இருக்கும்போது, டப்பென்று இரண்டாகிவிடும். பிளேட் போனால் தண்டும் போனமாதிரிதான். வாரண்டி 30 நாள். முப்பத்தைந்தாவது நாளில் முறிகிற மாதிரி இவர்கள் எப்படி அளந்து செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடாத பொறியியல்.

முறிந்தவற்றை எறிய மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவருவேன். பேரனுடையது மட்டுமில்லை, அவன் அணியிலுள்ள மற்றப் பெடியன்களுடையதும். மொன்றியலில் மரமட்டை முறிந்தால் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுப்பார்கள், இரண்டு குளிர்காலத்தில் உக்கிப்போகும். கார்பன் உக்குவதில்லை. ஆணி அடிக்க முடியாது, முறிந்த முனையின் சிலும்பு கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு, ஆனால் மழை, வெயில், ஸ்நோ எதற்கும் அசையாது. நாலைந்தைப் பின்வளவில் ஊன்றி, மிச்சமிருந்த டேப்பால் குறுக்குக் கம்புகளைக் கட்டிப் பாகல் ஏற்றினேன். தண்டு வழுவழுப்பாக இருந்ததால் முதலில் கொடி ஏற மறுத்து வழுக்கி விழுந்தது; முழுவதும் கறுப்புத் துணி டேப்பைக் குதியிலிருந்து மூக்கு வரைக்கும், பாதி ஏறினாற்போல் சுற்றிவிட்ட பிறகு பிடித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு அண்ணர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, தனக்கும் புடலங்காய்ப் பந்தல் ஒன்று போடவேண்டும், இன்னும் முறிஞ்சது இருக்குமோ என்று கேட்டார். அடுத்த வாரம் இரண்டு பெரிய ஆட்டம் இருக்கிறது, பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். மனைவிக்குத்தான் கணக்கு ஒத்துவரவில்லை. கிட்டத்தட்ட 2,000 டொலர் பெறுமதியான பந்தலில் இந்த வருடம் இதுவரைக்கும் காய்த்தது ஒன்பது பாகற்காய், அதிலும் இரண்டு சொத்தை என்கிறாள்.